கம்சட்கா போக எட்டு நாள் போதுமா?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான், மனைவி, 14 வயது மகன் மூவரும் ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சட்காவுக்குப் போக நினைக்கிறோம். கையில் 8 நாள் இருக்கிறது. எரிமலை, வெந்நீர் ஊற்று, கரடி மூன்றையும் பார்க்க வேண்டும். வெள்ளியங்கிரி ஏறிய பழக்கம் எங்களுக்கு உண்டு. 2025-இல் அங்கே வந்த நிலநடுக்கத்தைச் செய்தியில் பார்த்ததிலிருந்து வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். போகலாமா?"

போகலாம். நிலநடுக்கத்துக்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்த 8 நாளை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள். 12 நாள் கிடைக்காவிட்டால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏன் என்றால், கம்சட்கா ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தீபகற்பம். நீளம் சுமார் 1,250 கிலோமீட்டர். பெயருக்குத்தான் தீபகற்பம், நடைமுறையில் அது ஒரு தீவு. ரஷ்யாவின் மற்ற பகுதிகளிலிருந்து அங்கே போக ரோடும் இல்லை, ரயிலும் இல்லை. மாஸ்கோவில் விமானம் ஏறினால் எட்டரை மணி நேரம் கழித்துத்தான் இறங்குவீர்கள், அதுவும் அதே நாட்டுக்குள். கடிகாரம் நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடும். இங்கிருந்து மாஸ்கோ, அங்கிருந்து கம்சட்காவின் தலைநகரான பெட்ரோபாவ்லோவ்ஸ்க் என்று போக இரண்டு நாள், வர இரண்டு நாள் கழிந்துவிடும். மிச்சம் நான்கு. அந்த நான்கு நாளும் மழை பெய்யலாம்.

பெய்யலாம் என்ன, பெய்யும். நான் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் இரண்டாவது வாரம். யெலிசோவோ ஹெலிகாப்டர் தளத்தில் காலை எட்டு மணிக்கே பையோடு உட்கார்ந்துவிட்டோம். எங்கள் மேலே வெயில் அடிக்கிறது. ஆனால் போக வேண்டிய இடத்தில் மூட்டமாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பெண் வந்து "காத்திருங்கள்" என்பதற்கான ரஷ்யச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போவார். மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள்தான் பறந்தோம். எங்களோடு காத்திருந்த ஒருவருக்கு அன்று ஊர் திரும்பும் டிக்கெட். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், மனிதர் மட்டும் கரடியைப் பார்க்காமலே போனார்.

அதனால் கம்சட்காவில் வாங்க வேண்டிய முதல் பொருள் உதிரி நாள். ஹெலிகாப்டர் பயணத்தை முதல் இரண்டு நாளிலேயே பதிவு செய்யுங்கள். தள்ளிப் போனாலும் பின்னால் இடம் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தால் சூதாட்டம்தான்.

"வானிலை சுமார்தான், பரவாயில்லை போகலாமே" என்று விமானியை யாரும் நச்சரிக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் குரில் ஏரியில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து அதில் இருந்த 16 பேரில் 8 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி இன்னொன்று விழுந்ததில் 22 பேரும் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஊரில் ஹெலிகாப்டர் நிற்கிறது என்றால் காரணம் இருக்கும்.

சரி, எதைப் பார்ப்பது? ஹெலிகாப்டரில் இரண்டு பெரிய பயணங்கள் உண்டு. ஒன்று, வடக்கே கொதிநீர் ஊற்றுகள் பீறிட்டு அடிக்கும் கீசர் பள்ளத்தாக்கு. இன்னொன்று, தெற்கே கரடிகள் கூடும் குரில் ஏரி. ஒரு பயணத்துக்கே ஆளுக்கு அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். மூன்று பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பணம் இருந்தால் இரண்டும் போங்கள். ஒன்றுதான் என்றால், ஆகஸ்டில் என் ஓட்டு குரில் ஏரிக்கு. இதைச் சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

முதலில் கீசர் பள்ளத்தாக்கைச் சொல்லிவிடுகிறேன், அது லேசுப்பட்ட இடமில்லை. 1941 ஏப்ரலில்தான் அதை வெளியுலகம் அறிந்தது. தாத்தியானா உஸ்தினோவா என்ற நிலவியலாளரும், அந்த மண்ணின் பூர்வகுடியான இத்தெல்மென் இனத்தைச் சேர்ந்த வழிகாட்டி அனிசிஃபோர் குருபேனினும் பனிச்சரிவில் உட்கார்ந்திருந்தபோது எதிர்க்கரையிலிருந்து கொதிநீர் பீறிட்டு அடித்தது. அதற்குத் "தலைப்பிள்ளை" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். சுமார் ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கு, 1934-இல் உருவான குரோனோத்ஸ்கி காப்பகத்துக்குள் இருக்கிறது. 2007 ஜூன் 3-ஆம் தேதி ஒரு மலைச்சரிவு வந்து பெரும் பகுதியை மூடிவிட்டது. ஆறு அடைபட்டு ஏரி ஆனது, பல ஊற்றுகள் தண்ணீருக்குள் போயின. எல்லாம் முடிந்தது என்று எழுதினார்கள். பிறகு அந்த மண் அணையை ஆறே கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது, சில ஊற்றுகள் திரும்பி வந்தன.

கீசர் என்றதும் நமக்குக் குளியலறை ஞாபகம் வரும். அந்தப் பெயரே ஐஸ்லாந்தில் இருக்கும் ஓர் ஊற்றின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது வேலை செய்யும் விதத்துக்குச் சமையலறைக் குக்கரைத்தான் பார்க்க வேண்டும். பாறைக்குள் ஒரு நீண்ட குறுகலான குழாய், அடியில் சூடான பாறை. குழாயில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் இருக்கும் தண்ணீர்மீது விழும் அழுத்தம் ஏறக்குறைய குக்கருக்குள் இருக்கும் அளவுதான். அதனால் அது 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரி வரை சும்மா இருக்கும். மேலே கொஞ்சம் தண்ணீர் வழிந்து பாரம் குறைந்ததும், வெயிட்டைத் தூக்கிய குக்கர் மாதிரி அடித்தண்ணீர் சட்டென்று ஆவியாகி எல்லாவற்றையும் மேலே தள்ளுகிறது. அப்புறம் குழாய் நிரம்ப வேண்டும், சூடேற வேண்டும். அதனால்தான் இடைவெளி விட்டு விட்டு அடிக்கிறது. மகனுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள், அங்கே போனதும் வாட்சைப் பார்த்து எண்ண ஆரம்பித்துவிடுவான்.

இந்தப் பயணத்தில் வழக்கமாக உசோன் என்ற இடத்திலும் இறக்குவார்கள். சுமார் 40,000 வருடத்துக்கு முன் ஒரு பெரிய எரிமலை வெடித்து உள்ளே சரிந்த பள்ளம் அது. குறுக்களவு ஒன்பது, பத்து கிலோமீட்டருக்கு மேல். சேறு கொதிக்கும் சத்தம் அங்கேதான் கேட்டேன். கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது "பொளக், பொளக்" என்று குமிழி உடையுமே, அச்சு அசல் அதுதான். நிறம் சாம்பல், வாசனை அழுகிய முட்டை. மரப்பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது. புல் முளைத்திருக்கும், தரை கெட்டியாகத் தெரியும். கீழே ஒரு சாண் மண்தான், அதற்கடியில் கொதிக்கும் சேறு. இந்த ஒரு விஷயத்தில் மகன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், 14 வயது என்றாலும் பரவாயில்லை.

குளிக்கக்கூடிய ஊற்றுகள் வேறு. அவற்றுக்கு ஹெலிகாப்டர் தேவையில்லை, பணமும் அதிகம் ஆகாது, மழை பெய்தாலும் போகலாம். சொல்லப்போனால் மழையில்தான் நன்றாக இருக்கும். ஊருக்குப் பக்கத்தில் பராத்துன்கா என்ற இடம் முழுக்கக் குளியல் விடுதிகள். ஊற்று நீரைத் தொட்டியில் நிரப்பித் திறந்த வெளியில் வைத்திருப்பார்கள். வசதியாக இருக்கும், ஆனால் கட்டிடமும் கூட்டமும் இருக்கும். எனக்குப் பிடித்தது மல்கி. ஊரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். குளிர்ந்த ஓடைக்குப் பக்கத்திலேயே தரையிலிருந்து சூடான தண்ணீர் வருகிறது. ஆட்கள் கல்லை அடுக்கிச் சின்னச் சின்ன பாத்தி கட்டிக்கொள்கிறார்கள். சூடு அதிகமானால் ஓடைப் பக்கம் ஒரு கல்லை எடுத்துவிட்டால் குளிர்ந்த நீர் உள்ளே வரும், ஆறிப்போனால் மறுபடி கல்லை வைத்துவிட வேண்டியதுதான். வயலுக்கு மடை மாற்றுவது மாதிரி. ஒரு தாத்தா அரை மணி நேரம் எனக்காகக் கல்லை நகர்த்தி நகர்த்திச் சூட்டைச் சரிசெய்து கொடுத்தார். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

குளிக்கும்போது கால் வைக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள், ஊற்றுக்கண் பக்கத்தில் தோல் வெந்துவிடும். ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். தலையை முக்கி எழாதீர்கள், மூக்கில் தண்ணீர் ஏற விடாதீர்கள். கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிப் படித்திருப்பீர்கள். வெதுவெதுப்பான நன்னீர் எங்கே இருந்தாலும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

இப்போது குரில் ஏரி. அதுவும் எரிமலை வெடித்துச் சரிந்த பள்ளத்தில் தேங்கிய நீர்தான், ஆழம் 300 மீட்டருக்கு மேல். கரையில் இலின்ஸ்கி என்ற எரிமலை கூம்பாக நிற்கிறது. ஆசியாவிலேயே நெர்கா வகை சால்மன் மீன்கள் முட்டையிட வந்து சேரும் மிகப் பெரிய இடம் இது. இந்த மீன் நன்னீரில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, சாவதற்கு முன் பிறந்த நீருக்கே திரும்பி வருகிறது. கடலில் வெள்ளியாக இருந்த உடம்பு ஏரிக்குள் ரத்தச் சிவப்பாகிவிடும், ஆண் மீனுக்கு முதுகில் கூன் விழும், தாடை கொக்கியாக வளையும். முட்டையிட்டதும் செத்துவிடும். லட்சக்கணக்கில் வரும் இந்த மீன்களுக்காகக் கரடிகள் வரும். கம்சட்காவில் பழுப்புக் கரடிகள் இருபதாயிரத்துக்குக் குறையாது என்பது பொதுவான கணக்கு. ஆகஸ்டில் இந்த ஒரு ஏரியைச் சுற்றி மட்டும் நூற்றுக்கணக்கில் கூடும்.

நான் பார்த்த ஒரு தாய்க்கரடி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒரு மீனைக் கவ்வியது. கரைக்குக் கொண்டுவந்து வயிற்றை மட்டும் காலால் அழுத்தியது. சினை ஆரஞ்சு முத்துகளாகக் கல்லில் சிதறியது. அதை நக்கிவிட்டு, மீனை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டது. மீன் நிறைய இருக்கும்போது கொழுப்பு உள்ள இடத்தை மட்டும்தான் தின்னும். மிச்சத்துக்கு இரண்டு குட்டிகளும் கடற்பறவைகளும் சண்டை போட்டன. இவ்வளவும் நாற்பது மீட்டர் தள்ளி. அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீசர் அடுத்த மாதமும் அடிக்கும், இது ஆகஸ்டை ஒட்டிய சில வாரங்களில்தான். என் ஓட்டுக்குக் காரணம் அதுதான்.

அந்த அமைதியைப் பார்த்து ஏமாந்துவிடவும் கூடாது. 1996 ஆகஸ்டில், இதே ஏரிக்கரையில், மிச்சியோ ஹொஷினோ என்ற ஜப்பானிய வனவிலங்குப் புகைப்படக்காரரை இரவில் கூடாரத்திலிருந்து கரடி இழுத்துக்கொண்டு போனது. கரடிகளை வருடக்கணக்கில் படம் எடுத்தவர். அந்தக் கரடி மனிதர்கள் கொடுத்த தீனிக்குப் பழகியிருந்தது என்பார்கள். இப்போது முகாமைச் சுற்றி மின்வேலி இருக்கிறது, காப்பாளர் துணையில்லாமல் யாரையும் வெளியே விடுவதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, கும்பலாக நடப்பது, பேசிக்கொண்டே நடப்பது, ஓடாமல் இருப்பது. ஓடினால் துரத்தும், அது குதிரை வேகத்தில் ஓடும். புதர் அடர்ந்த பாதையில் எதிர்பாராமல் முட்டிக்கொள்வதுதான் ஆபத்து, அதனால் சத்தமாகப் பாட்டுப் பாடினாலும் தப்பில்லை. அப்புறம் சாப்பாடு. முறுக்கு, பருப்புப் பொடி, ஊறுகாய் எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கரடியின் மூக்குக்கு எண்ணெய் ஊறிய மாவடு ஒரு அழைப்பிதழ்.

எரிமலை ஏற்றத்துக்கு வருகிறேன். ஊருக்கு அருகில் இருக்கும் அவாச்சின்ஸ்கி 2,741 மீட்டர். அடிவார முகாம் சுமார் 900 மீட்டரில் இருப்பதால் ஒரே நாளில் 1,800 மீட்டர் ஏற வேண்டும், கடைசிக் கூம்பு முழுக்க வழுக்கும் எரிமலைச் சரளை. வெள்ளியங்கிரி பழக்கம் காலுக்கு உதவும், குளிருக்கும் சரளைக்கும் உதவாது. உங்கள் மூவருக்கும் நான் முத்னோவ்ஸ்கியைத்தான் சொல்வேன். ஆறு சக்கர லாரியைப் பஸ் மாதிரி மாற்றியிருப்பார்கள், அதில் குலுங்கிக் குலுங்கிச் சில மணி நேரம் போக வேண்டும். பிறகு நடந்தே எரிமலை வாய்க்குள் போய்விடலாம். ஒரு பக்கம் பனிப்பாறை, மறுபக்கம் மஞ்சள் கந்தகம் படிந்த துளைகளிலிருந்து விமானம் கிளம்புகிற மாதிரி ஆவி சீறும். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் கண் எரியும், தொண்டை அடைக்கும். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி வாருங்கள். காற்றில்லாத நாளில் பள்ளமான குழிகளில் இறங்கவே இறங்காதீர்கள். கீசர் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் 1975-இல் கண்டுபிடித்த ஒரு குழிவுக்குச் "சாவுப் பள்ளத்தாக்கு" என்றே பெயர். காற்றைவிடக் கனமான விஷவாயு தேங்கி, பறவை, நரி, கரடி எல்லாம் செத்துக் கிடந்த இடம். அங்கே சுற்றுலாவுக்கு விட மாட்டார்கள், ஆனால் காரணம் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

கடல் பயணத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், அவாச்சா விரிகுடாவிலிருந்து படகு கிளம்பும். பஃபின் என்ற கடற்பறவைகளும், மல்லாந்து மிதக்கும் கடல் நீர்நாய்களும், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர்கா என்ற கொலைகாரத் திமிங்கலமும் தென்படும். பெட்ரோபாவ்லோவ்ஸ்க் என்ற ஊர்ப் பெயரே 1740-இல் வித்துஸ் பெரிங் என்ற கடலோடி இங்கே கொண்டுவந்த பீட்டர், பால் என்ற இரண்டு புனிதர்களின் பெயர் கொண்ட கப்பல்களிலிருந்து வந்தது.

நிலநடுக்கம். பசிபிக் கடலுக்கு அடியில் இருக்கும் பசிபிக் தட்டு என்ற பெரும் பாறைத்தட்டு வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வீதம் இந்தத் தீபகற்பத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. எரிமலையும் வெந்நீரும் அதனால்தான், நடுக்கமும் அதனால்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. 1952 நவம்பரில் 9.0 அளவு நடுக்கம் வந்தபோது சுனாமி தெற்கே செவரோ-குரில்ஸ்க் ஊரையே வாரிக்கொண்டு போனது, 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2025 ஜூலை 30-இல் 8.8 அளவு. அதே ஊருக்குள் கடல் புகுந்தது, ஆனால் மக்கள் முன்கூட்டியே மேட்டுக்குப் போய்விட்டார்கள். சில நாளில், ஆகஸ்ட் 3-ஆம் தேதி, பல நூற்றாண்டுகளாகத் தூங்கிய கிராஷெனின்னிகோவ் எரிமலை வெடித்தது. வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஒப்பீட்டையே சொல்லுங்கள். உங்களுக்கான விதி ஒன்றுதான்: ஹலக்திர்ஸ்கி கருமணல் கடற்கரையில் நிற்கும்போது தரை நெடுநேரம் ஆடினால், சைரனுக்குக் காத்திராமல், படம் பிடிக்காமல், உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள். 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காகித வேலை அதிகமில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து ரஷ்ய இ-விசா தருகிறார்கள், உங்கள் நாள் கணக்கு அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். 1990 வரை இது வெளிநாட்டவருக்கு மூடிய ராணுவப் பகுதி. இன்றும் சில கரைப் பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டும், அதை உள்ளூர் ஏற்பாட்டாளர் வாங்கித் தருவார், பாஸ்போர்ட் நகலைச் சில வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். 2022 மார்ச்சிலிருந்து நம் வங்கிகள் தரும் விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் அங்கே வேலை செய்யாது. டாலரோ யூரோவோ நோட்டாகக் கொண்டுபோய் ரூபிளாக மாற்ற வேண்டும். காட்டில் சிக்னல் கிடையாது என்று சாட்டிலைட் போனோ அந்த மாதிரி அவசரக் கருவியோ வாங்கிப் பையில் போட்டுவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவிலேயே குற்றம், நம் விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள்.

சைவம் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். கிரேச்சா என்ற தானியத்தை வேகவைத்துத் தருவார்கள், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ரொட்டி உண்டு. நம் பொடி வகைகள் அதன்மேல் நன்றாகப் போகும். துணியில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆகஸ்டில் ஊரில் 15 டிகிரி இருக்கும்போதே மலையில் பனி மிதிப்பீர்கள். தண்ணீர் புகாத ஜாக்கெட், பேன்ட், கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், கொசுவுக்குத் தலைவலை. அந்த ஊர்க் கொசு ஜீன்ஸ் வழியாகக் கடிக்கும்.

நான் போட்டுக்கொடுப்பதானால்: இறங்கிய அன்று பராத்துன்காவில் வெந்நீர், தூக்கம். இரண்டாம் நாள் குரில் ஏரி. நடக்காவிட்டால் மூன்றாம் நாள், நான்காம் நாள். நடந்துவிட்டால் அந்த நாள்கள் முத்னோவ்ஸ்கிக்கும் படகுக்கும். மல்கிக்கு எந்த மழை நாளானாலும் சரி. பிறகும் நாள் மிச்சமிருந்தால் பெட்ரோபாவ்லோவ்ஸ்கில் "ஆறாவது கிலோமீட்டர்" என்று சொல்லும் இடத்தில் இருக்கும் மீன் சந்தைக்குப் போங்கள். ஒவ்வொரு கடைக்காரம்மாவும் சின்னக் கரண்டியில் சிவப்புச் சினையை நீட்டுவார். நெர்கா சினை சின்னதாக, லேசான கசப்போடு இருக்கும். அசைவம் என்றால் மறுக்காதீர்கள்.